இறக்கத்தில் மட்டும்

நரின் ஊருக்கு வெளியே என் தகரக் கொட்டகை.
மார்ச் ஆகியும் ஸ்பேனர் கையைக் கடிக்கிறது.
ஓமுர்சாக் வந்தார், அவருடைய காமாஸ் வந்தது,
இரண்டின் மேலும் ஒரே கனத்தில் நிலக்கரித் தூள்.

"சத்தம்," என்றார்.
எப்படிப்பட்ட சத்தம் என்று கேட்டால்
வாயால் செய்து காட்ட எல்லோரும் கூச்சப்படுவார்கள்.
இவர் கூச்சப்படவில்லை.
குதிகாலால் சிமென்ட் தரையைத் தட்டினார்:
டொக். டொக்டொக். டொக்.
"காதில் கேட்டதில்லை. காலில்தான் வருகிறது."

பத்தொன்பது வருஷம் ஜன்னல் காற்றும் இரைச்சலும்
இடது காதை முழுசாக, வலதில் பாதியை
வாங்கிக்கொண்டு போயிருந்தன.
நான் கத்தினேன். அவர் மெல்லப் பேசினார்.

கோச்கோரில் ஒருவன்
கேபினைக்கூடச் சாய்க்காமல் சொன்னானாம்:
கிராங்க் பேரிங் போச்சு, இன்ஜினை இறக்கணும்.
அவன் சொன்ன தொகைக்கு
இரண்டு பெண்குதிரைகள் போக வேண்டும்,
அதில் ஒன்று சினை.

கேபினை முன்னால் கவிழ்த்தேன்.
எட்டு சிலிண்டர், இரண்டு வரிசை,
கல்யாண வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து
ஒருவரையொருவர் முறைக்கும் சம்பந்திகள் மாதிரி.
டீசல் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன்.
எவனைப் பட்டினி போடும்போது தட்டல் அடங்குகிறதோ
அவன்தான் ஆள்.
ஒன்று: இன்ஜின் நொண்டியது, தட்டல் அப்படியே.
இரண்டு: அப்படியே.
ஐந்தில் டீசல் கண்ணில் தெறித்தது.
எட்டும் நொண்டின. எட்டும் நிரபராதிகள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு
எதையும் தொடாமல் நின்றிருந்தபோது
எங்கோ ஒரு ப்ஸ்ஸ்.
தட்டல் நின்றது.

இதைவிட மோசம் கிடையாது,
தானாக வந்தது தானாகப் போவது.

"எப்போது வரும் இது?"
"ஏறும்போது வராது.
முழு லோடோடு தோலோன் கணவாயில்
உயிரை விட்டு ஏறும், அப்போதெல்லாம் சமர்த்து.
இறக்கத்தில்தான்."
"இதை ஏன் முதலில் சொல்லவில்லை?"
"நீ கேட்கவில்லை."
"கோச்கோர்க்காரன்?"
"அவன் எதையுமே கேட்கவில்லை."

பேரிங் என்றால் சுமையில் அழ வேண்டும்.
இறக்கத்தில் இன்ஜினுக்கு என்ன வேலை,
சும்மா உருள்வதுதானே.
கால் பிரேக்கில் இருக்கும்.
மிதிக்க மிதிக்கக் காற்று தீரும்.
தீர்ந்த காற்றை

சக்கரத்துப் பக்கம் குனிந்து
ஏர் டாங்கின் வடிகால் வளையத்தை இழுத்தேன்.
சீறி வெளியேறியது காற்று,
முகமெல்லாம் எண்ணெய்ப் பனி.
விட்டேன். காத்திருந்தேன்.
டொக்.
டொக்டொக்.
ஓமுர்சாக் தன் காலைக் குனிந்து பார்த்தார்.

நீளத் திருப்புளியின் நுனியைக் கம்ப்ரசரில் ஊன்றி
பிடியைக் காதில் வைத்தேன்.
அங்கேதான் இருந்தது, வீட்டுக்காரன் மாதிரி.
அவரிடம் நீட்டினேன்.
வலது காதில் வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.
பிறகு என்ன தோன்றியதோ,
மரப்பிடியைப் பல்லால் கவ்வினார்.
தாடை எலும்பு வழியாக
அது அவருக்குள் இறங்குவதைப் பார்த்தேன்.
"அதேதாம்," என்றார், பிடியை விடாமல்.

கழற்றிப் பார்த்தால் கம்ப்ரசரின் ராடு பேரிங்
நகம்போல் தேய்ந்து பளபளத்தது.
பின்னால் கிடக்கும் செத்த காமாஸிலிருந்து
இன்னொரு கம்ப்ரசர். நாலு மணி நேரம்.
கூலி, ஓர் ஆட்டின் பாதி விலை.
ஆட்டையே தருகிறேன் என்றார். பணமாகக் கேட்டேன்.

கேபினைத் திருப்பி நிறுத்த விடவில்லை.
ஓடும் இன்ஜினில் மறுபடி திருப்புளியை ஊன்றி
ஒவ்வொரு சிலிண்டராகக் கடித்துக் கேட்டார்,
கோளாறு எதுவும் இல்லாததை.
எச்சில் தாடியில் வழிந்தது.
மூன்றாவதிடம் திரும்பிப் போனார்.
அதில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை.

அவர் போய் ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டியை மூடும்போது
நீளத் திருப்புளி இல்லை.
கணவாய்ப் பக்கம் திரும்பி
அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.